அடிபட்ட தலைக்கு ஓய்வு மட்டும் போதுமா?

(ஆரியங்கோட்டில் நடைபெற்ற நம் உறுப்பினர்களின் குடும்ப சங்கமத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கமங்களில் வழக்கமாக ஆன்மிகச் சொற்பொழிவு இருக்கும், குழந்தைகளின் பாட்டு இருக்கும், பிறகு சாப்பாடு. இந்த முறை காரியதரிசி என்னிடம், "நீங்கள் சயன்ஸ் படித்தவராயிற்றே, எல்லோருக்கும் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். நான் பௌதிகத்தில் பட்டம் பெற்று, மாநில அரசின் எடை அளவுத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்ல. ஆகவே நான் சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். உங்கள் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

விஷயம் இதுதான். விபத்தில் தலையில் பலமாக அடிபட்டு, ஆபரேஷன் ஆகி, உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தவரை நாம் என்ன செய்ய வேண்டும்? படுக்கவைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் போதுமா? அல்லது எழுப்பி உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கவைக்க வேண்டுமா?

இதை ஏன் இங்கே பேசுகிறேன் என்றால், நாம் இருக்கும் இடம் அப்படிப்பட்டது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை என்று போகும் தேசிய நெடுஞ்சாலை ஒரு பக்கம். ஆரியங்கோடு, வெள்ளறடை பக்கத்து ஏற்ற இறக்கமான வளைவுச் சாலைகள் இன்னொரு பக்கம். இரு சக்கர வாகனம் இல்லாத வீடு இல்லை. இதோடு தென்னை, பலா மரங்களிலிருந்து விழுகிறவர்களும் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். இது இறந்தவர்கள் கணக்கு. பிழைத்து வீட்டுக்கு வந்து, பழைய மனிதராக இல்லாமல் இருப்பவர்களின் கணக்கு எந்தப் பத்திரிகையிலும் தலைப்புச் செய்தியாக வருவதில்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கோடியே 90 லட்சம் பேருக்குத் தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்படுவதாக 2018-ல் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகிறது. இதில் பெரும்பாலானவை லேசான அடிகள் என்றாலும் எண்ணிக்கை சிறியதல்ல.

மூளைக்குள் நடப்பது என்ன?

மண்டையோடு கடினமான பெட்டி. அதற்குள் ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை, இளநீர் வழுக்கையைப் போன்ற மென்மையுடன், திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் சட்டென்று நின்றால், அதில் போகிறவரின் தலை தரையில் மோதும் வேகம் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடி. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான், யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். தலை நின்றுவிடுகிறது. மூளை நிற்பதில்லை. அது முன்னும் பின்னும் மோதுகிறது, திருகுகிறது. திருகும்போது நரம்பு இழைகள் இழுபட்டு அறுகின்றன. ரத்தக்கட்டு உண்டானால் ஸ்கேனில் தெரியும், ஆபரேஷன் செய்து எடுக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான இடங்களில் நுண்ணிய இழைகள் அறுந்திருந்தால் அது சாதாரண சி.டி. ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். "ஸ்கேன் நார்மல், ஆனால் பையன் நார்மல் இல்லை" என்று வீட்டார் புலம்புவதற்கு இது ஒரு காரணம்.

பாதிப்பின் அளவைக் கணிக்க கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் 1974-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கைகாலை அசைக்கிறாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. 13 முதல் 15 வரை லேசான பாதிப்பு, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஜி.சி.எஸ். என்று எழுதியிருப்பது இதுதான்.

படுக்கை செய்யும் கெடுதல்

அடிபட்ட முதல் நாட்களில் ஓய்வு அவசியம். அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஓய்வு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீண்டால் என்ன ஆகும்? 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுள்ள, நல்ல தேகக்கட்டுடைய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பரிசோதித்தார்கள். அவர்கள் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது ஆண்டு வயதாகியும் ஏற்படாத நஷ்டம் அந்த மூன்று வாரப் படுக்கையில் ஏற்பட்டிருந்தது தெரியவந்தது. 2007-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்த கதி என்றால், தலையில் அடிபட்டு மயங்கிக் கிடந்தவருக்குச் சொல்லவே வேண்டாம். படுக்கைப்புண், நெஞ்சில் சளி, காலில் ரத்தம் உறைதல், மூட்டுகள் மடங்கியபடியே இறுகிப்போதல் எல்லாம் கூடவே வரும். மூளை தேறிவரும் நேரத்தில் உடம்பு கைவிட்டுவிடும்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க டாக்டர் ஹோவார்ட் ரஸ்க். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ ஆஸ்பத்திரியில், சும்மா படுத்திருந்த சிப்பாய்களைவிட முறையான பயிற்சியும் வேலையும் கொடுக்கப்பட்ட சிப்பாய்கள் சீக்கிரம் தேறுவதை அவர் கண்டார். போர் முடிந்ததும் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் என்பதைத் தனித் துறையாகவே வளர்த்தார்.

அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் நம் கேரளத்தின் கொச்சியில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரான அவர், 1954-ல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்கா சென்று ரஸ்க்கிடம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணம். நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கும் இத்தகைய நிலையம் இந்தியாவில் அதுவே முதல். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களோடு தலையில் அடிபட்டவர்களும் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். நோயாளியுடன் வீட்டார் ஒருவரும் தங்கி, பயிற்சி கொடுக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டு போவதை அங்கே முக்கியமாகக் கருதுகிறார்கள்.

வேலூர் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு பெயரும் நினைவு வரலாம். 1962 மார்ச்சில் பார்படோஸ் ஆட்டத்தில் நம் கிரிக்கெட் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையில் கிரிஃபித் வீசிய பந்து பட்டு எலும்பு உடைந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் ஃபிராங்க் வொரெலே அவருக்கு ரத்தம் கொடுத்தார். அங்கே அவசர ஆபரேஷன்கள் ஆகி உயிர் பிழைத்து நாடு திரும்பிய அவருக்கு, தலையில் உலோகத் தகடு பொருத்தப்பட்டது வேலூரில். அதற்குப் பின் அவர் டெஸ்ட் ஆட்டம் ஆடவில்லை. ஆனால் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் பல ஆண்டுகள் ஆடினார். 2022-ல்தான், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தத் தகட்டை எடுத்தார்கள். மண்டை உடைந்தவர் இனி ஜாக்கிரதையாக ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதான் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொன்னேன். அவர் இளைஞர், விளையாட்டு வீரர், எல்லோருக்கும் அப்படி நடக்காது என்பதும் உண்மைதான்.

விஞ்ஞானம் இன்று சொல்வது

மூளையில் செத்த நரம்பணு செத்ததுதான் என்று ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். செத்தது திரும்புவது கடினம்தான். ஆனால் பிழைத்திருக்கும் அணுக்கள் தங்களுக்குள் புதிய தொடர்புகளை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பது இப்போது நன்றாகத் தெரிந்த விஷயம். பாலம் உடைந்தால் ஊர்க்காரர்கள் சுற்றுவழியில் போகிறார்கள் அல்லவா? ஆட்கள் போகப் போகத்தான் அந்த வழி பாதையாகிறது. அதேபோல் ஒரு அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளையில் புது வழி உறுதிப்படும். பத்து தடவை செய்தால் போதாது. நூற்றுக்கணக்கான தடவை வேண்டும். தேகப்பயிற்சி செய்யும்போது, நரம்பணுக்களின் வளர்ச்சிக்கு உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் மூளையில் கூடுவதை 1995-லேயே எலிகளில் கண்டுபிடித்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. கலிஃபோர்னியாவில் 2004-ல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றில், தலையில் அடிபட்ட எலிகளில் ஒரு பகுதியை உடனேயே ஓடவிட்டார்கள், இன்னொரு பகுதியை இரண்டு வாரம் கழித்து ஓடவிட்டார்கள். பிந்தி ஓடிய எலிகளுக்குத்தான் அந்தப் புரதம் கூடி நன்மை உண்டாயிற்று. உடனே ஓடியவற்றுக்கு நன்மை கிடைக்கவில்லை, கற்கும் திறனும் பின்தங்கியது. ஆகவே காலம் முக்கியம். மனிதனுக்கு எத்தனை நாள் என்பதை எலியை வைத்துச் சொல்ல முடியாது. அதை நோயாளியைப் பார்க்கும் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

லேசான அடி விஷயத்தில் ஆராய்ச்சி தெளிவாகவே இருக்கிறது. முன்பெல்லாம், தலையில் அடிபட்டு ஸ்கேனில் ஒன்றும் இல்லாத பையனை, இருட்டறையில், தலைவலி போகும்வரை படுக்கவைப்பார்கள். அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஜான் லெடியின் குழு 103 இளம் விளையாட்டு வீரர்களை இரண்டு பிரிவாக்கிப் பரிசோதித்து 2019-ல் வெளியிட்டது. தலைவலி கூடாத அளவுக்குள் தினமும் நடை, சைக்கிள் போன்ற பயிற்சி செய்தவர்கள் நடுத்தரமாக 13 நாளில் தேறினார்கள். கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆயிற்று. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களும் முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை ஓரளவு ஓய்வு போதும், பிறகு மெல்ல நடமாடத் தொடங்கலாம், முழுப் படுக்கை வேண்டாம் என்றே கூறினார்கள்.

கடுமையான அடிபட்டவர்கள் விஷயத்தில் சான்றுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. 2017-ல் எட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 399 பேர். பயிற்சியால் இதயம், நுரையீரல் பலம் கூடக்கூடும் என்று தெரிந்தது, ஆனால் சான்றின் தரம் குறைவு என்றும் ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். பயிற்சி செய்தால் மூளை பழையபடி ஆகிவிடும் என்று எவராவது உறுதி கூறிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

எங்கள் வீட்டு அனுபவம்

இனி கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். என் மருமான், அதாவது அக்காவின் பிள்ளை, 2019 ஆகஸ்டில் நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்தான். ஹெல்மெட் இருந்தது, தாடைப்பட்டி மாட்டவில்லை. அவனுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மதிப்பெண் 7. மூளை வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டை எலும்பின் ஒரு பகுதியை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரப்படுத்தினார்கள். பதினோரு நாள் நினைவில்லை. நாற்பது நாள் கழித்து, குழாய் வழியாகச் சாப்பாடு, இடது கைகால் தளர்ச்சி என்ற நிலையில் இங்கே ஆரியங்கோட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஒன்பது மருந்துகள் எழுதியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து வரச்சொல்லியிருந்தார்கள். பயிற்சி என்று ஒரு வரி இல்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் மேல் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் அந்த ஒரு வரி இல்லாததால் பல வீடுகளில் நோயாளி மாதக்கணக்கில் படுத்தே கிடக்கிறார். எனவே நாங்களே டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்டு, அவருடைய அனுமதியுடன், பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு பிஸியோதெரபிஸ்டை ஏற்பாடு செய்தோம். சின்னப் பெண், வாரம் மூன்று நாள் ஸ்கூட்டரில் வருவாள்.

முதல் நாள் அவனைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தபோது அக்கா தாங்கவில்லை. "மண்டையில எலும்பே இல்லாத கொழந்தைய இப்படிப் போட்டு உக்காத்தி வெச்சுப் படுத்தறேளே, அவன் கொஞ்சம் நிம்மதியாப் படுத்துண்டு இருக்கட்டுமே" என்று அழுதாள். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "விழுந்துவிடுவார் என்று பயப்படுகிறீர்கள் அம்மா. விழாமல் இருக்க அவர் மறுபடி கற்க வேண்டும். படுத்துக்கொண்டு அதைக் கற்க முடியாது" என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். தலைக்கு ஹெல்மெட் போட்டுத்தான் எழுப்ப வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள்.

நான் அளவுத் துறைக்காரன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். முதல் நாள் இரண்டு பேர் பிடிக்க, உட்கார்ந்தது 4 நிமிடம், நாடி 118. இரண்டாவது வாரம் 15 நிமிடம். நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது முதல் வாரம் 2 தடவை, ஒரு மாதத்தில் 10 தடவை. டிசம்பரில் எலும்பைத் திரும்ப வைத்தார்கள். 2020 பிப்ரவரியில், ரேழியிலிருந்து கொல்லைக் கதவு வரை 46 அடி தூரத்தை ஒரு நாளில் 30 தடவை நடந்தான். தினசரி பார்க்கிறவர்களுக்கு முன்னேற்றம் கண்ணில் படாது. "ஒண்ணும் ஆகல்லையே" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் நோட்டைப் படித்துக் காட்டுவேன். அவள் மனம் மாறியது அந்த எண்களால்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. அந்தப் பெண் வர முடியவில்லை. போனில் வீடியோவில் பார்த்துச் சொல்ல, நாங்கள் செய்தோம். அப்போதுதான் மருமானின் மனைவி ஒரு விஷயத்தைக் கவனித்தாள். "கையைத் தூக்கு, இறக்கு" என்றால் ஐந்து தடவையில் அலுத்துவிடுகிறான். "பூஜைக்குத் துளசி பறிச்சுண்டு வாங்கோ" என்றால் கால் மணி நேரம் நின்றுகொண்டு இடது கையாலேயே பறிக்கிறான். அதன் பிறகு கறிவேப்பிலை உருவுவது, சொம்பில் தண்ணீர் கொண்டுவருவது, துணி உலர்த்துவது என்று வீட்டு வேலையெல்லாம் பயிற்சியாயிற்று. பிஸியோதெரபிஸ்டும் அது சரிதான், காரியத்தோடு சேர்ந்த அசைவைத்தான் மூளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்றாள்.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. ஜூன் மாதம் வலிப்பு வந்தது. டாக்டர் மருந்தைக் கூட்டி, இரண்டு வாரம் கழித்துத்தான் பயிற்சியைத் தொடரச் சொன்னார். 2020 முடியும்போது, இந்த மேட்டுச் சாலையில் நடுவில் ஒரு தரம் உட்கார்ந்து 2 கிலோமீட்டர் நடந்தான். 2022-ல் முன்பைவிடச் சிறிய ஒரு வேலைக்கு, பாதி நேரம், போகத் தொடங்கினான். இடது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மத்தியானத்துக்கு மேல் களைத்துப்போகிறான், சில சமயம் சின்ன விஷயத்துக்குக் கத்துகிறான். நடக்காத நாட்களில் தூக்கமும் கோபமும் மோசமாக இருப்பதை அவன் மனைவி சொல்லித்தான் நான் நோட்டில் கவனித்தேன். குழந்தையைப் பள்ளி பஸ் வரை கொண்டுபோய் விடுவது இப்போது அவன் வேலை. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கவனிக்க வேண்டியவை

எங்களுக்குச் சொல்லப்பட்டவற்றையும் நான் படித்தவற்றையும் சுருக்கமாகத் தருகிறேன்.

1. வீட்டுக்கு வரும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: எப்போது உட்காரவைக்கலாம்? எப்போது நிற்கவைக்கலாம்? நாடி எவ்வளவு வரை போகலாம்? எதைச் செய்யக்கூடாது? பதிலை எழுதி வாங்குங்கள்.

2. நினைவு தெளியாதவருக்கும் பயிற்சி உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதும், ஒவ்வொரு மூட்டையும் மெல்ல மடக்கி நீட்டுவதும் அதில் சேரும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் பலவந்தமாக மடக்கக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். சில நோயாளிகளுக்கு மூட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்வது உண்டு.

3. மண்டை எலும்பு எடுக்கப்பட்டவரை, டாக்டர் சொன்ன தலைக்காப்பு இல்லாமல் எழுப்பக் கூடாது.

4. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். களைப்பு அடுத்த நாளும் தொடர்ந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

5. வலிப்பு வரும் சாத்தியம் உள்ளவர் தனியாகக் குளத்திலோ ஆற்றிலோ இறங்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது.

6. புதிதாகக் கடும் தலைவலி, வாந்தி, அதிகத் தூக்கம், கைகால் தளர்ச்சி கண்டால் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

7. பயிற்சியைக் காலை வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். களைப்பு வந்த பிறகு மூளை கற்பதில்லை, விழுவதும் அப்போதுதான் அதிகம்.

யோகாசனம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பனிச்சறுக்கு வீரர் கெவின் பியர்ஸ் 2009 டிசம்பர் 31 அன்று பயிற்சியின்போது விழுந்து மூளையில் பலத்த காயமடைந்தார். தேறிய பிறகு அவரும் அவர் தமையனும் தொடங்கிய அமைப்பு, தலையில் அடிபட்டவர்களுக்கென்றே மிதமான யோகா வகுப்புகளை நடத்துகிறது. ஆகவே யோகா கூடாது என்பதில்லை. ஆனால் சிரசாசனம் போல் தலைகீழாக நிற்பது, மூச்சை அடக்கி முக்குவது இரண்டும் மண்டைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். சந்தியாவந்தனத்தில் பிராணாயாமம் செய்கிறவர்கள், டாக்டர் அனுமதிக்கும்வரை கும்பகம் இல்லாமல் இயல்பாக மூச்சை விட்டு வாங்கினால் போதும். சாஷ்டாங்க நமஸ்காரத்தையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். கோவில் பிரதக்ஷிணம் நல்ல நடைப்பயிற்சி. உடம்பு சற்றுத் தேறியபின், பாராயணம் செய்துகொண்டே நடப்பது அதைவிட நல்லது. நடையையும் நினைவையும் ஒரே சமயத்தில் கவனிக்க மூளை பழகும். தட்டுத் தடுமாறினால் பாராயணத்தை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு

இங்கே பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். நாம் பைக்கில் போவதில்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். வயதானவர்களுக்குத் தலையில் அடிபட முக்கியக் காரணம் வீட்டுக்குள் விழுவதுதான். நிற்கும் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, விழுந்து சில வாரங்கள் கழித்துக்கூட மூளையைச் சுற்றி ரத்தம் தேங்கித் தடுமாற்றமும் மறதியும் வரலாம். "வயசாயிடுத்து, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல், எப்போதாவது விழுந்தாரா என்று யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள். குளியலறையில் பிடிமானக் கம்பியும், இரவு விளக்கும், தினமும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காருவதும் நாமே செய்துகொள்ளக் கூடியவை. வேஷ்டி தடுக்கி விழுகிறவர்கள் அதைச் சற்று உயர்த்திக் கட்டலாம்.

சபை செய்யக் கூடியது

கடைசியாக ஒரு வேண்டுகோள். தலையில் அடிபட்டவர் இருக்கும் வீட்டில் ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் கைகொடுக்கிறது. மாதக்கணக்கில் வீட்டுக்கு வரும் பிஸியோதெரபிக்குப் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. எங்களுக்கு ஆன செலவில் கணிசமான பகுதி அதுதான். பல குடும்பங்கள் இரண்டாவது மாதத்திலேயே நிறுத்திவிடுகின்றன, நோயாளி தேறக்கூடிய காலம் அப்படியே வீணாகிறது. 2008-ல் கேரள அரசு சாந்த்வன சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகு பஞ்சாயத்துகள் வழியாக வீட்டுக்கே நர்ஸ் வரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பஞ்சாயத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், பிஸியோதெரபி உதவியும் உண்டா என்று விசாரியுங்கள். விபத்து நஷ்டஈட்டு வழக்கு நடந்தால், வருங்காலச் சிகிச்சைச் செலவையும் வக்கீலிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

நம் சபை மூன்று காரியங்கள் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, அந்தந்த ஊரில் வீட்டுக்கு வரும் பிஸியோதெரபிஸ்டுகளின் பட்டியலைத் தயாரித்து வைப்பது. இரண்டு, உபயோகித்து முடித்த வாக்கர், சக்கர நாற்காலி, காற்று மெத்தை இவற்றை வாங்கி வைத்துத் தேவைப்படுவோர்க்குக் கொடுப்பது. இவை பல வீட்டு மச்சில் தூசி படிந்து கிடக்கின்றன. மூன்று, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ தாய்க்கோ வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுக்க யாராவது போய் உட்காருவது. போகிறவர் வெறுமனே அனுதாபம் சொல்லிவிட்டு வராமல், நோயாளியைத் தெருமுனை வரை கைபிடித்து நடத்திக்கொண்டு போய் வந்தால், இரண்டு பேருக்கும் உபகாரம்.

இளைஞர்களுக்கு ஒரே வார்த்தை. 2019 டிசம்பர் முதல் கேரளத்தில் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். போலீஸுக்காக மாட்டாமல், தாடைப்பட்டியை இறுக்கி மாட்டிக்கொண்டு போங்கள்.

சபையின் மூன்று காரியங்களில் முதலாவதை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக்கு நானே செய்து தருகிறேன் என்று காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன். மற்ற ஊர்களிலுள்ள உறுப்பினர்களும் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.